ஆண்டையும் மண்ணையும் பேசவைத்தோர்: பர்கண்டி வைனின் சமூக வரலாறு

யவனர் கப்பல்களிற் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் பொற்கலத்திற் பருகிய செய்தியைப் புறநானூறு நமக்குச் சொல்கிறது. அரிக்கமேட்டு அகழ்வாய்விற் கிடைத்த மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் அவ்வாணிபத்துக்குச் சான்று பகர்கின்றன. அம்மதுவின் மணம் பாட்டில் இருக்கிறது. அதை அருந்திய அரசன் இருக்கிறான். ஊற்றிக் கொடுத்த மகளிரும் இருக்கின்றனர். ஆனால் அத்திராட்சை எந்தச் சரிவில் விளைந்தது, எவ்வாண்டு பறிக்கப்பட்டது, பறித்த கைகள் யாருடையவை என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. வரலாறு நெடுங்காலமாகக் குடித்தவனையே நினைவில் வைத்திருக்கிறது. பயிரிட்டவனை அது எளிதில் மறந்துவிடுகிறது.

இன்று நிலைமை மாறிவிட்டதுபோலத் தோன்றலாம். உயர்ந்த சிவப்பு வைன் போத்தல் ஒவ்வொன்றின் முகப்பிலும் இரண்டு செய்திகள் தவறாது அச்சிடப்பட்டிருக்கின்றன. ஒன்று விளைந்த நிலத்தின் பெயர். மற்றையது பறித்த ஆண்டு. சுவைஞர் கூட்டம் இவ்விரண்டையும் வைத்தே விலையை ஏற்றுகிறது, இறக்குகிறது. நல்ல வைன் தானாக உண்டாவது, மண்ணும் வானமும் அதனூடே பேசுகின்றன, மனிதன் விலகி நின்றாற் போதும் என்று வணிகர் கூறுவர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் பாதி உண்மையே உண்டு. மண்ணும் வானமும் உலகெங்கும் இருக்கின்றன. அவை எல்லா இடத்தும் வைனாகப் பேசுவதில்லை. அவற்றைப் பேசவைத்தவர் யார்? அவை பேசாதபடி வாயை அடைத்தவர் யார்? பிரான்சின் பர்கண்டிப் பிரதேசத்து வரலாற்றைக் கொண்டு இவ்வினாக்களை நாம் ஆராய முற்படுகிறோம்.

சரிவும் கொடியும்

பர்கண்டியின் புகழுக்குக் காரணமான நிலம் மிகச் சிறியது. திஜோன் நகருக்குத் தெற்கே தொடங்கி, போன் நகரைக் கடந்து, ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒடுங்கிச் செல்லும் ஒரு மலைச்சரிவு அது. கோத் தோர் என்பது அதன் பெயர். கிழக்கு நோக்கிய அச்சரிவு காலைக் கதிரவனை முதலில் ஏற்கிறது. உச்சியில் மண் மெலிந்து பாறை தலைகாட்டும். அடிவாரத்தில் மண் கனத்து நீர் தேங்கும். சுண்ணக்கல்லும் களியும் அளவாகக் கலந்த நடுச்சரிவே சிறந்த நிலம். சில அடிகள் நடந்தால் மண்ணின் ஆழம் மாறிவிடும், வடிகால் மாறிவிடும், அதனோடு மதுவின் குணமும் மாறிவிடும். எனவே அங்குள்ளோர் சரிவைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இட்டிருக்கின்றனர். அத்துண்டை அவர்கள் ‘கிளிமா’ என்று அழைப்பர். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லின் பொதுப்பொருள் காலநிலை என்பதாகும். நிலத்துக்கும் வானிலைக்கும் ஒரே சொல்லை வழங்கிய மக்களிடமே நமது வினாவுக்கு விடை தேடுதல் பொருத்தமானது. இத்தகைய 1,247 நிலத்துண்டுகளைக் கொண்ட அப்பிரதேசத்தை 2015 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

அச்சரிவின் சிவப்பு வைனுக்கு மூலமானது பினோ நுவார் என்னும் கருந்திராட்சை. அது மெல்லிய தோலுடையது, எளிதில் அழுகுவது, விளைச்சலிற் கஞ்சத்தனமானது. ஆயின் வானிலையை அதைப்போல் நுணுக்கமாகப் பதிந்துகொள்ளும் இனங்கள் வெகு சில. ஏப்பிரல் மாதத்தில் மொட்டு விரியும்போது ஓரிரவு உறைபனி பெய்தால் அவ்வாண்டின் விளைவில் பெரும்பகுதி அற்றுப்போகும். யூனில் பூக்கும் வேளையில் மழையும் குளிரும் தொடர்ந்தால் காய் பிடியாது. ஓகஸ்டில் காய் நிறம் மாறும். அப்போது வெயில் போதாதாயின் சீனிச்சத்து ஏறாது, புளிப்பு மிஞ்சும். வெயில் மிகுந்தாலோ புளிப்புக் கரைந்து போகும், தோல் கருகும். பறிக்கும் தறுவாயில் மழை வந்தால் சாம்பல் பூஞ்சணம் குலைகளைத் தின்னும். ஆலங்கட்டி மழை ஒரு கிராமத்தை அழித்து அடுத்த கிராமத்தைத் தொடாமற் செல்வதும் உண்டு. பூத்த நாளிலிருந்து பறிக்கும் நாள்வரை நூறு நாள் என்பது அங்குள்ள கமக்காரரின் பழைய கணக்கு. அந்த நூறு நாளில் வானம் செய்தது அனைத்தும் பழத்தில் எழுதப்படுகிறது.

எழுதப்பட்டதை வாசிக்கத்தக்கதாக ஆக்குவது தொழில். ஒரு ஹெக்டயரில் ஏறத்தாழ 10,000 கொடிகள் நெருக்கமாக நிற்கும். மாரிகாலக் கடுங்குளிரில் ஒவ்வொரு கொடியையும் குனிந்து கத்தரிக்க வேண்டும். எத்தனை மொட்டை விடுவது என்பதை அக்கணத்தில் அக்கையே தீர்மானிக்கிறது. பிறகு கட்டுதல், களைதல், மிகைத் தளிர் கிள்ளுதல், இலை அகற்றுதல் என்று வேலை தொடரும். பறித்த பழத்தின் சாறு நிறமற்றது. செந்நிறமும் துவர்ப்பும் தோலிலேயே உள்ளன. ஆகவே தோலையும் சாற்றையும் ஒன்றாகத் தொட்டியிலிட்டு நொதிக்க விடுவர். மதுவம் சீனியை மதுசாரமாக மாற்றும்போது எழும் வாயு, தோல்களை மேலே தள்ளித் தடித்த மூடிபோல ஆக்கும். அம்மூடியை மீண்டும் மீண்டும் சாற்றுள் அமிழ்த்த வேண்டும். முற்காலத்தில் தொழிலாளர் தொட்டிக்குள் இறங்கி உடலாலேயே அதை மிதித்தனர். அவ்வாயு மூச்சைத் திணறடித்து உயிரைப் போக்கவல்லது. இவ்வாறு ஏறக்குறைய இரண்டு வாரம் கழிந்தபின் பிழிந்து, 228 லீற்றர் கொள்ளும் கருவாலிமரப் பீப்பாக்களில் ஓராண்டோ அதற்கு மேலோ வைத்திருப்பர்.

இங்கே ஒரு முக்கிய உண்மையைக் கவனித்தல் வேண்டும். ஆண்டின் தன்மையை வைனிற் காட்டுவது போலவே அதை மறைப்பதும் மனிதனுக்கு இயலும். வெயில் போதாத ஆண்டிற் சாற்றுடன் சீனி கலந்து நொதிக்கவிட்டால் மதுசாரம் கூடும். மெலிந்த மதுவுடன் வெப்ப நாட்டின் கனத்த மதுவைக் கலந்தால் நிறமும் வலிமையும் கிடைக்கும். நான்கு ஆண்டுகளின் மதுவைக் கலந்து ஆண்டுதோறும் ஒரே சுவையை விற்கலாம். ஆகவே ஒரு வைன் தன் ஆண்டையும் நிலத்தையும் உண்மையாகக் காட்டுகிறதா என்பது இயற்கையைப் பற்றிய வினாவாக மட்டும் இருக்கமுடியாது. உண்மை சொல்வதால் யாருக்கு இலாபம், மறைப்பதால் யாருக்கு இலாபம் என்னும் சமுதாய வினாவும் அதனுள் அடங்கியிருக்கிறது. பர்கண்டியின் வரலாறு முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே சுழல்கிறது.

மடாலயமும் கோமகனும்

1098 இல் சீத்தோ என்னும் இடத்திற் சிஸ்டேர்சியன் துறவிகள் தமது மடாலயத்தை நிறுவினர். பக்தியுள்ள பிரபுக்கள் தம் ஆன்ம ஈடேற்றத்துக்காக நிலங்களை அதற்குத் தானம் செய்தனர். அவ்வாறு சேர்ந்த நிலங்களில் தலைசிறந்தது வூஜோ என்னும் திராட்சைத் தோட்டம். 50 ஹெக்டயர் பரப்புடைய அதைச் சுற்றி எழுந்த மதில் 1336 இல் நிறைவெய்தியது. எந்தத் துண்டில் எத்தகைய மது விளைகிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஒப்புநோக்கி அறிந்தவர் துறவிகளே என்று நூல்கள் புகழ்கின்றன. அப்புகழில் நியாயம் இல்லாமற் போகவில்லை. சாவில்லாத ஒரு நிறுவனம் நூற்றாண்டுக்கணக்கில் ஒரே நிலத்தைக் கவனிக்க முடிந்தது. எழுதி வைக்கவும் முடிந்தது. ஆயினும் மண்வெட்டி பிடித்த கைகளுட் பல எழுத்தறியாச் சகோதரர் எனப்பட்ட ஊழியத் துறவிகளுடையவை, கூலியாட்களுடையவை. அறிவு அவர்களது முதுகெலும்பின் வழியாகவே ஏட்டுக்கு வந்தது.

அக்கூலியாட்கள் ஊமைகளாகவும் இருக்கவில்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், பர்கண்டியின் வடமேற்கிலுள்ள ஒசேர் நகரத்துத் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலை நேரம் குறித்துப் பெரும் போராட்டம் ஒன்றை நடத்தினர். கதிரவன் மறையும்வரை வேலை செய்யவேண்டும் என்றனர் தோட்ட உடைமையாளர். தொழிலாளரோ பொழுது சாயுமுன்னே கருவிகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியேறினர். தமக்கெனச் சொந்தமாக இருந்த சிறு துண்டு நிலத்தையும் அவர்கள் கவனிக்க வேண்டியிருந்தது. தகராறு அரச கட்டளைகள்வரை, பாரிஸ் உயர்நீதிமன்றம்வரை சென்றது. எட்டு மணிநேர வேலைக்கான இயக்கம் தோன்றுவதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்னரே ‘ஒரு நாள் என்பது எவ்வளவு’ என்னும் கேள்வி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டத்தில் எழுந்துவிட்டது.

அதே காலத்தில் இன்னொரு மோதலும் நிகழ்ந்தது. 1348 இன் கொள்ளைநோய் கிராமங்களைக் காலியாக்கியது. ஆள் குறைந்த நிலையிற் சிறிய கமக்காரர் கமே என்னும் திராட்சை இனத்தை நாடினர். அது முன்னதாகப் பழுக்கும், பராமரிப்புக் குறைவு, விளைச்சல் மிகுதி. ஆனால் பர்கண்டிக் கோமகனான துணிவுமிக்க பிலிப், 1395ஆம் ஆண்டு யூலை 31 அன்று கட்டளை ஒன்றைப் பிறப்பித்தான். நம்பிக்கைத் துரோகம் செய்யும் கொடி என்று கமேயைத் தூற்றி அதனை வேரோடு பிடுங்குமாறு ஆணையிட்டான். தோட்டங்களுக்கு எரு இடுவதையும் தடைசெய்தான். பிளாண்டர்சையும் தன் ஆட்சியிற் கொண்டிருந்த அவனுக்குப் போன் நகரத்து மது அரசியற் கருவியாகவும் வருவாய் மூலமாகவும் பயன்பட்டது. சரிவின் சுண்ண மண்ணுக்குப் பினோவே ஏற்றது என்ற அவன் முடிவு சுவை நோக்கிற் சரியானதே. ஆனால் அம்முடிவின் செலவு யார் தலையில் விழுந்தது? தரம் பிரபுவின் மேசைக்குச் சென்றது. விளைச்சற் குறைவு ஏழையின் வீட்டுக்குச் சென்றது. கமே எளிதில் ஒழிந்துவிடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. 19ஆம் நூற்றாண்டிலும் அம்மாவட்டத் திராட்சை நிலத்தின் பெரும்பகுதியில் கமேயே நின்றது. ஏழையின் பயிர் அரசகட்டளையினும் நீண்ட ஆயுள் உடையதாயிற்று.

அறுவடை நாளும் கூலிக் கணக்கும்

திராட்சையைப் பறிக்கும் நாளை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது என்பது பழைய பர்கண்டியின் வழக்கம். பழுத்த நிலையை அறிந்தோர் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துக் கூறிய பின் நகரசபை நாள் குறிக்கும். அதற்கு முன்னே பறித்தால் தண்டனை. பழுக்காத பழத்தைப் பறித்து ஊர் மதுவின் பெயரைக் கெடுப்பதை இது தடுத்தது, களவைத் தடுத்தது, திருச்சபைக்குரிய பத்திலொரு பங்கை அறவிடவும் வசதியாயிற்று. ஆனால் எல்லாருக்கும் ஒரே நாள் என்ற விதிக்கு ஒரு விலக்கு இருந்தது. பிரபு மற்றையோருக்கு ஒரு நாள் முன்னதாகப் பறிக்கும் உரிமை உடையவன். அந்த ஒரு நாளில் ஊரின் கூலியாட்கள் அனைவரும் அவனுக்கே கிடைத்தனர். மழை வரும் நேரத்தில் ஒரு நாள் என்பது சிறு சலுகையன்று. ஓர் ஆண்டின் விளைவே அதில் தங்கியிருக்கலாம்.

இந்நாட் குறிப்புகள் எதிர்பாராத வகையில் விஞ்ஞானத்துக்குப் பெருஞ்செல்வமாயின. வெப்பமான வேனிலாயின் பறிக்கும் நாள் முந்தும். குளிர்ந்த வேனிலாயின் பிந்தும். எனவே வெப்பமானி கண்டுபிடிக்கப்படாத காலத்து வானிலையை இந்நாட்களைக் கொண்டு கணிக்கமுடியும். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எமானுவேல் லெ ருவா லதூரி 1967 இல் வெளியிட்ட காலநிலை வரலாற்று நூல் இம்முறையைப் பரவலாக அறியச்செய்தது. 2019 இல் ஆய்வாளர் குழுவொன்று போன் நகரத்து அறுவடை நாட்களை 1354 முதல் 2018 வரை தொடர்ச்சியாக நிறுவி வெளியிட்டது. அதன் மூல ஆவணங்கள் எவை? நகரசபைத் தீர்மானங்களும் பிற்காலச் செய்தித்தாள்களும் ஒருபுறம் இருக்க, திராட்சை பறித்த தொழிலாளருக்குக் கொடுத்த கூலியின் கணக்கேடுகளும் அவற்றுள் அடங்கும். பெயரற்ற ஆண்களும் பெண்களும் ஒருநாட் கூலிக்குக் கைநீட்டிய தேதிகளிலிருந்தே ஐரோப்பாவின் 600 ஆண்டுக் கோடைகளை இன்று நாம் படித்தறிகிறோம். மன்னர் வரலாற்றில் இடம்பெறாத அவர்கள் பூமியின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டனர்.

அவ்வேடுகளில் உலகம் முழுவதும் தெரிகிறது. 1815 ஏப்பிரலில் இந்தோனேசியத் தீவான சும்பாவாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசும் கந்தகமும் வானில் பரவி அடுத்த ஆண்டின் கோடையையே ஐரோப்பாவிலிருந்து பறித்துக்கொண்டன. 1816 இற் பர்கண்டியில் அறுவடை மிகவும் பிந்தியது, மது புளித்தது, தானியமும் விளையாமற் பல நாடுகளிற் பஞ்சம் பரவியது. ‘மோசமான ஆண்டு’ என்று சுவைஞன் ஒரு சொல்லிற் கடந்து செல்லும் ஆண்டுக்குள் இத்துணை மனிதத் துன்பம் அடங்கியிருக்கிறது.

புரட்சியும் புது உடைமையாளரும்

1789 நவம்பரில் பிரெஞ்சுப் புரட்சி திருச்சபைச் சொத்துகளைத் தேசவுடைமையாக்கியது. சீத்தோ மடாலயத்தின் தோட்டங்கள் 1791 இல் ஏலத்துக்கு வந்தன. கோந்தி இளவரசனிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட ரொமனே-கோந்தித் தோட்டம் 1794 இல் விற்கப்பட்டது. உழுதவனுக்கே நிலம் என்ற நம்பிக்கை கிராமங்களில் எழுந்தது. ஆனால் ஏலத்தில் வெல்லக் கையிற் பணம் வேண்டும். சிறந்த தோட்டங்களைத் திஜோனிலும் பாரிசிலும் இருந்த செல்வரே வாங்கினர். மதிலுக்குள் இருந்த வூஜோத் தோட்டம் துறவியின் கையிலிருந்து வங்கியாளர் கைக்கு மாறியது; மண்வெட்டியின் கை மாறவில்லை.

எனினும் புரட்சியின் விளைவு அத்துடன் முடிந்துவிடவில்லை. பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு என்ற 1804ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் நிலங்களை மெல்ல மெல்லத் துண்டாக்கியது. 1889 இல் வூஜோத் தோட்டம் பலருக்குப் பிரித்து விற்கப்பட்டது. இன்று அதே 50 ஹெக்டயருக்கு ஏறக்குறைய 80 உடைமையாளர் உளர். சிறு கமக்காரர் சரிவிற் காலூன்றியது இவ்வாறான பிரிவினைகளாலேயே. ஆனால் அவர்களிடம் பீப்பாக்களை நெடுநாள் வைத்திருக்கும் முதலும் இல்லை, சந்தையும் இல்லை. புதிய மதுவை உடனேயே வணிகனுக்கு விற்றனர். அவன் தன் நிலவறையிற் கலந்து, தன் பெயரொட்டி உலகுக்கு விற்றான்.

அவ்வாணிபத்துக்கு வரிசைப்பட்டியல் தேவைப்பட்டது. 1855 இற் போர்தோவின் தரகர்கள் விலையை அளவுகோலாக வைத்துத் தம் பிரதேசத் தோட்டங்களைத் தரவரிசைப்படுத்தினர். அதே ஆண்டிற் கோத் தோரின் நிலத்துண்டுகளை வைத்தியர் லவால் தரம் பிரித்து எழுதினார். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. போர்தோவில் தரம் மாளிகைக்கு, அதாவது உடைமையாளனுக்கு, வழங்கப்பட்டது. பர்கண்டியில் அது மண்ணுக்கு வழங்கப்பட்டது. மண்ணுக்குரிய பெருமையில் அதை உழுபவனும் ஒருநாள் பங்கு கேட்கலாம். அந்த நாள் பெருந்துன்பத்துக்குப் பின்னரே வந்தது.

பூச்சியும் புரட்டும்

அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்சரா என்னும் நுண்ணிய பூச்சி 1860களில் தென்பிரான்சின் கொடிகளை வேரிலேயே அழிக்கத் தொடங்கியது. 1878 இற் கோத் தோரின் மேர்சோ கிராமத்தில் அது காணப்பட்டது. பூச்சியை எதிர்த்து நிற்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கிளையை ஒட்டுவதே இறுதித் தீர்வாயிற்று. முன்னர் பதியம் வைத்துச் செலவின்றிக் கொடியைப் பெருக்கிய கமக்காரன், இப்போது ஒட்டுக்கன்றுகளை விலைகொடுத்து வாங்கவேண்டியவனானான். கடன்பட இயலாதோர் நிலத்தைக் கைவிட்டனர்.

பிரான்சின் மது குறைந்தது, குடிப்போர் குறையவில்லை. அவ்விடைவெளியிற் புரட்டு வளர்ந்தது. உலர்ந்த திராட்சையை ஊறவைத்தும், பிழிந்த சக்கையில் நீரும் சீனியும் ஊற்றியும் மது ஆக்கினர். இரசாயனவியலாளர் சப்தால் 1801 இல் பரிந்துரைத்த சீனி சேர்க்கும் முறை, குளிர்ந்த ஆண்டின் குறையை ஓரளவு நிரப்புவதற்கானது. பர்கண்டியில் அது சட்ட வரம்புக்குள் இன்றும் அனுமதிக்கப்படுவதே. ஆனால் ஆலைக்குரிய மலிவான பீட்சீனி கைக்கு வந்ததும் அளவு மறைந்தது. 1903 இற் சீனிவரி குறைக்கப்பட்டமை நிலைமையை மேலும் கெடுத்தது. திராட்சை குறைவாகவும் வைன் நிறைவாகவும் விளையும் விந்தை நிகழ்ந்தது!

இன்னொரு பக்கம் அல்ஜீரியா. 1830 இற் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட அந்நாட்டில் அராபியரும் பேர்பரும் இழந்த நிலங்களில் ஐரோப்பியக் குடியேறிகள் திராட்சையைப் பரப்பினர். 1930களில் அங்கு ஏறத்தாழ 4 இலட்சம் ஹெக்டயரில் திராட்சை நின்றது. உலகின் மிகப் பெரிய வைன் ஏற்றுமதி நாடாக அது விளங்கியது. மதுவை விலக்கிய சமயத்தைச் சேர்ந்த மக்கள், தம் முன்னோரின் நிலத்தில், பிறர் குடிக்கும் மதுவுக்காகக் கூலிக்கு உழைத்தனர். அவர்கள் விளைவித்த கருஞ்சிவப்பு மதுவின் பெரும்பகுதி தன் பெயரில் அருந்தப்படவுமில்லை. பிரான்சின் மெலிந்த மதுவுக்கு நிறமும் வலிமையும் ஊட்டக் கப்பலேறி, பர்கண்டி என்ற பெயரிலும் போத்தலுக்குட் புகுந்தது. ஏகாதிபத்தியம் நிலத்தைப் பறித்தபின் நிலத்தின் பெயரையும் பறித்துக்கொண்டது. 1962 இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபின் அவ்வாணிபம் சரிந்தது. பிற்காலத்தில் அக்கொடிகளிற் பெரும்பகுதி பிடுங்கப்பட்டது.

புரட்டுக்கு எதிரான முதற் பெரும்புயல் பர்கண்டியில் எழவில்லை. மலிவு மதுவின் தாயகமான தெற்கிலேயே, லங்கதொக்கிலேயே எழுந்தது. விலை வீழ்ச்சியால் அங்கு விற்கமுடியாத மது தெருவில் ஊற்றப்பட்டது. 1907 மார்ச் 11 அன்று ஆர்ஜெலியே கிராமத்திலிருந்து 87 பேர் மார்செலேன் அல்பேர் என்பவரின் தலைமையில் நர்பொன் நகருக்கு நடந்தனர். ஞாயிறுதோறும் கூட்டம் பெருகியது. யூன் 9 அன்று மொம்பெலியே நகரில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். பிரதமர் கிளமன்சோ இராணுவத்தை ஏவினார். நர்பொனில் யூன் 19, 20ஆம் திகதிகளில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைக் கேட்ட 17ஆம் காலாட்படைப் பிரிவின் 500 வீரர் வரை கட்டளையை மீறித் துப்பாக்கிகளுடன் பெசியே நகருக்குச் சென்று மக்களுடன் நின்றனர். அவ்வீரர் அம்மண்ணின் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பின்னர் அப்படைப்பிரிவினர் துனீசியாவின் கப்சாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அவ்வியக்கத்தை நாம் அளவுக்கு மீறிப் போற்றவேண்டியதில்லை. பெருந்தோட்ட உடைமையாளரும், மூன்றாண்டுகளுக்கு முன் அவர்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த கூலிகளும் ஒரே கொடியின் கீழ் நின்றனர். வர்க்க முரண்பாடு அதனுள் மறைக்கப்பட்டது. மிகை உற்பத்தியே நெருக்கடியின் பெருங்காரணம் என்பதையும் பலர் உணரவில்லை. ஆயினும் யூன் 29 இல் நீரும் சீனியும் கலப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. திராட்சைச் சாறு நொதித்து உண்டானதே வைன் என்ற எளிய உண்மையை அரசு காக்கவேண்டுமாயின் ஆறு உயிர்கள் வேண்டியிருந்தன.

அடுத்த படி, எந்த நிலத்துச் சாறு என்பதை உறுதிசெய்வது. 1919ஆம் ஆண்டுச் சட்டம், ஊர்ப்பெயரைப் பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு எதிராக வழக்குத் தொடர வழிசெய்தது. பர்கண்டிக் கமக்காரர் நீதிமன்றம் ஏறினர். வொல்னே ஊரின் ஆன்ஜேர்வீல், நுவி-சன்-ஜோர்ஜ் ஊரின் ஹென்றி கூஜ் ஆகியோர் வணிகரின் கலப்படத்தை வெளிப்படையாகக் கண்டித்தனர். தம் மதுவைத் தாமே போத்தலில் அடைத்து விற்கவும் துணிந்தனர். 1935 யூலையில், செனட் சபை உறுப்பினர் ஜோசப் கப்பூஸ் முன்னின்று உழைத்த சட்டத்தின்வழி, விளைநிலப் பெயர்களை நிருவகிக்கும் தேசியக் குழு தோன்றியது. எல்லை, திராட்சை இனம், விளைச்சலின் உச்ச அளவு, மதுசாரத்தின் குறைந்த அளவு ஆகிய யாவும் பெயருடன் பிணைக்கப்பட்டன. இன்று நாம் போத்தலிற் காணும் ஊரும் ஆண்டும் இயற்கை தானே இட்ட முத்திரை அன்று. விளைவித்தோர் வழக்காடியும் வீதியில் இறங்கியும் பெற்ற உரிமைப்பத்திரம் அது.

இன்றைய நிலை

வென்ற உரிமை யாருக்குப் பயன்பட்டது என்று கேட்பதும் நம் கடமை. பெயர் உறுதியானதும் விலை ஏறியது. விலை ஏறியதும் நிலம் ஏறியது. புகழ்பெற்ற துண்டுகளின் ஹெக்டயர் விலை இன்று பல மில்லியன் யூரோ. 2014 இற் குளோ தெ லாம்ப்ரே தோட்டத்தை எல்விஎம்எச் என்னும் ஆடம்பரப் பொருட் பெருநிறுவனம் வாங்கியது. 2017 இற் குளோ தெ தார் தோட்டம் பினோ என்னும் கோடீசுவரக் குடும்பத்தின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மறுபுறம், தந்தை இறந்தால் மரபுரிமை வரியைக் கட்ட நிலத்தை விற்கவேண்டிய நிலைக்குக் கமக்காரர் பிள்ளைகள் தள்ளப்படுகின்றனர். சம பங்கு பெற்ற நிலம் மீண்டும் பெருங்கைகளில் ஒன்றுசேர்கிறது. 1791 இன் ஏலக்கூடம் வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது.

ஆண்டின் கதையும் மாறிவிட்டது. முன்னர் குறிப்பிட்ட போன் நகரத்து நீண்ட தொடரின்படி, 1987 வரை அறுவடை பொதுவாகச் செப்ரெம்பர் 28 அளவிலே தொடங்கியது. 1988க்குப் பின்னரோ அது சராசரி 13 நாட்கள் முந்திவிட்டது. அறுநூறு ஆண்டுகளில் அரிதாக வந்த வெப்பக் கோடை இப்போது வழமையாகிவிட்டது. கொடி முன்னதாகத் துளிர்ப்பதாற் பின்வரும் உறைபனிக்கு எளிதில் இரையாகிறது; 2021 ஏப்பிரலில் பர்கண்டி உட்படப் பிரான்சின் பல பகுதிகள் இவ்வாறு பேரிழப்பைக் கண்டன. சரிவுகளில் இரவெல்லாம் மெழுகுத் தீச்சட்டிகளை ஏற்றி விழித்திருந்தோர் அதே தொழிலாளரே. வானத்தின் எழுத்தை வாசித்துப் பழகிய கமக்காரன், இன்று ஆலைப்புகையும் எண்ணெயும் எழுதும் எழுத்தையும் சேர்த்து வாசிக்கிறான்.

2003ஆம் ஆண்டின் கோடையை எண்ணிப் பார்ப்போம். பர்கண்டியில் ஓகஸ்டிலேயே பறிப்புத் தொடங்கியது. அவ்வாண்டின் கனத்த, இனிய சிவப்பு வைனைப் பற்றிச் சுவைஞர் பக்கம் பக்கமாக எழுதினர். அதே ஓகஸ்டில் அதே வெப்பத்திற் பிரான்சில் ஏறக்குறைய 15,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தனித்து வாழ்ந்த முதியோர். போத்தலின் முகப்பில் அவ்விலக்கம் அச்சிடப்படுவதில்லை. 2023 செப்ரெம்பரில் ஷாம்பேன் பிரதேசத்துத் தோட்டங்களிற் கடும் வெயிலிற் பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர் சிலர் இறந்தனர். அவர்களையும் அவ்வாண்டு மது நினைவுகூராது.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இதுதான். ஆண்டையும் மண்ணையும் உள்ளபடி காட்டும் வைன் மனித உழைப்பின் அரிய சாதனை. ஒவ்வோர் ஆண்டும் வேறுபடும் இயற்கையை ஒரே அச்சில் வார்த்துவிடாமல், அதன் வேறுபாட்டை மதித்து, அதனோடு இணைந்து தொழில்செய்யும் நேர்மை அதில் உண்டு. எல்லாவற்றையும் ஒரே சுவையாக்கி விற்கும் முதலாளித்துவ உற்பத்தியை நோக்க அது உயர்ந்த தொழிற்பண்பு என்பதில் ஐயமில்லை. அப்பண்பைச் சீமான்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது தவறு. அது கூலியாளின் குனிந்த முதுகில் உருவானது. கமக்காரரின் கிளர்ச்சியாற் காக்கப்பட்டது. ஆனால் அவ்வுழைப்பை மறைத்து, மண் தானே பேசியது, வானம் தானே எழுதியது என்று கூறும்போது தொழிற்பண்பு விற்பனைத் தந்திரமாகிவிடுகிறது.

வரலாறு கற்பிப்போருக்கும் கற்போருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. போன் நகரத்துக் கணக்கேட்டை எழுதியவன் வானிலையைப் பதியவேண்டும் என்று எண்ணவில்லை; கூலி கொடுத்ததையே பதிந்தான். 600 ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கூலிவரிகளே பூமியின் வெப்பத்தைச் சொல்லின. ஒரு பொருளின் உண்மையை அறிய விரும்புவோர் அதன் முகப்பை மட்டும் படித்தாற் போதாது. அதன் கூலிக் கணக்கையும் தேடிப் படிக்கவேண்டும். வைனுக்கு மட்டுமன்றி, மனிதன் மண்ணிலிருந்து ஆக்கும் எப்பொருளுக்கும் இது பொருந்தும். மண் பேசுகிறது என்பது மெய். ஆனால் அது என்றும் ஒரு தொழிலாளியின் குரலிலேயே பேசியிருக்கிறது.